மகனுக்கு வழி சொன்ன தோபித்து

(வானொலியில் ஒலிபரப்பான மறையுரையின் எழுத்து வடிவம்)



ஜூலை மாதத்தின் நான்காம் ஞாயிற்றுக்கிழமையைத் தாத்தா பாட்டியருக்கும் முதியோருக்கும் உரிய உலக நாளாக 2021-ஆம் ஆண்டில் மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் ஏற்படுத்தினார். அன்னை மரியாவின் பெற்றோரான புனிதர்கள் சுவக்கீன், அன்னா ஆகியோரின் திருநாள் ஜூலை 26. அதை ஒட்டியே இந்த நாள் அமைந்தது. நம் மாநிலத்தில் இதே மாதத்தில் இன்னொன்றும் நடக்கிறது. பிளஸ் டூ முடித்த பிள்ளைகள் கல்லூரி வாசலில் நிற்கிறார்கள். பொறியியல் கலந்தாய்வு நடக்கிறது. டிகிரி முடித்தவர்கள் வேலை தேடி மலையை விட்டு இறங்குகிறார்கள். ஏற்காட்டிலும் சேர்வராயன் மலைக் கிராமங்களிலும் இந்த நாட்களில் அறிவுரைக்குக் குறைவே இல்லை. தாத்தா சொல்கிறார், சித்தப்பா சொல்கிறார், பக்கத்து வீட்டு அண்ணன் சொல்கிறார், டீக்கடையில் நிற்பவரும் சொல்கிறார். பிள்ளை தலையை ஆட்டுகிறான். ஆனால் அவன் மனத்தில் ஒரு கேள்வி இருக்கிறது: இவர்கள் சொல்லும் உலகம் இப்போது எங்கே இருக்கிறது?

இந்தக் கேள்வியைத்தான் இன்று இறைவார்த்தையின் ஒளியில் சிந்திக்க இருக்கிறோம்.

முதலில் ஒன்றை ஏற்றுக்கொள்வோம். நம் பெரியவர்கள் சொல்லும் அறிவுரைகள் பொய்யானவை அல்ல. அவை ஒவ்வொன்றும் ஒரு காலத்தில் உண்மையாக இருந்தவை. ஒரு குடும்பத்தையாவது கரை சேர்த்தவை. "வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து வை, உன் முறை வரும்" என்பது அவற்றில் ஒன்று. ஆசிரியர் பயிற்சி முடித்து, பதிவு செய்து, தவறாமல் புதுப்பித்துக்கொண்டே இருந்தவருக்கு, பதிவு மூப்பின்படி ஒருநாள் உண்மையிலேயே அழைப்பு வந்தது. அப்படி வேலைக்குப் போன ஒருவர் இரண்டு தம்பிகளைப் படிக்க வைத்தார், தங்கைக்குத் திருமணம் செய்து வைத்தார், ஓட்டு வீட்டைத் தளம் போட்ட வீடாக்கினார். அதைக் கண்ணால் பார்த்த குடும்பம், பேரனுக்கும் அதையே சொல்வதில் வியப்பில்லை.

ஆனால் வழி மாறிவிட்டது. கல்வி உரிமைச் சட்டம் 2010 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. அதைத் தொடர்ந்து ஆசிரியர் தகுதித் தேர்வு கட்டாயமாயிற்று. 2012 ஜூலையில் தமிழ்நாட்டில் நடந்த முதல் தேர்வை ஆறு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் எழுதினார்கள். தேறியவர்கள் இரண்டரை ஆயிரத்துக்கும் குறைவு. இத்தனை ஆண்டு பதிவு அட்டையைப் பத்திரமாக வைத்திருந்தவர்களுக்கு, அட்டை மட்டும் போதாது என்பது அன்று தெரிந்தது. இன்றும் சில பெற்றோர் பங்கு இல்லத்துக்கு வந்து, "சாமி, ஒரு கடிதம் குடுங்க, பிள்ளைக்குப் பள்ளிக்கூடத்துல வேலை கிடைச்சிடும்" என்று கேட்கிறார்கள். அவர்களுடைய நம்பிக்கையை நாம் மதிக்கிறோம். ஆனால் பங்குத்தந்தையின் கடிதம் ஒருவருடைய நடத்தைக்குச் சான்று சொல்லலாம். தகுதித் தேர்வை அவருக்காக எழுத முடியாது.

"கால் காசு ஆனாலும் கவர்மென்ட் காசு" என்பதும் அப்படித்தான். அந்தச் சொல்லுக்குப் பின்னால் இருந்தது ஓய்வூதியம். வயதான காலத்தில் யார் கையையும் எதிர்பார்க்க வேண்டாம் என்ற நிம்மதி. 2003 ஏப்ரல் 1-ஆம் தேதியிலிருந்து மாநில அரசுப் பணியில் சேர்ந்தவர்களுக்குப் பழைய ஓய்வூதியத்துக்குப் பதிலாகப் பங்களிப்பு ஓய்வூதியத் திட்டம் வந்தது. தாத்தா வாங்கிய ஓய்வூதியத்தை மனத்தில் வைத்துக்கொண்டு பேரனுக்கு யோசனை சொல்ல முடியாது என்பதற்கு இது ஒன்றே போதும். அடுத்து, வாசலில் நிற்கும் கூட்டத்தைப் பாருங்கள். 2022-ஆம் ஆண்டு குரூப் 4 தேர்வுக்கு முதலில் அறிவிக்கப்பட்ட இடங்கள் 7,301. விண்ணப்பித்தவர்கள் ஏறக்குறைய 22 லட்சம். ஓர் இடத்துக்கு 300 பேர். அரசு வேலைக்குப் போகக் கூடாது என்று நாம் சொல்லவில்லை. நல்ல வேலை, மக்களுக்குத் தொண்டு செய்யும் வேலை. ஆனால் 300 பேரில் 299 பேர் வீட்டுக்குத் திரும்பி வருகிறார்கள். அவர்களை நாம் எப்படி வரவேற்கிறோம்?

அன்பார்ந்தவர்களே, இந்த 299 பேரில் ஒருவனை எண்ணிப் பாருங்கள். வயது 27. நான்கு ஆண்டுகளாகத் தேர்வுக்குப் படிக்கிறான். முதல் ஆண்டு வீடே அவனுக்காகச் செபித்தது. இரண்டாம் ஆண்டு அம்மா மட்டும் செபித்தார். இப்போது யாரும் எதுவும் கேட்பதில்லை. அவனும் எதுவும் சொல்வதில்லை. பங்குத் திருவிழாவுக்கு வர அவனுக்கு மனமில்லை. தேர்ப்பவனி முடிந்ததும் ஒவ்வொருவராக வந்து, "என்னப்பா பண்றே இப்ப?" என்று கேட்பார்கள். கேட்பவர்கள் அன்பாகத்தான் கேட்கிறார்கள். ஆனால் அந்தக் கேள்விக்குப் பயந்து ஓர் இளைஞன் ஆலயத்துக்கே வராமல் இருந்தால், அது அவனுடைய பிரச்சினை மட்டும் அல்ல. நம் எல்லாருடைய பிரச்சினை.

அப்படியானால் பெரியவர்கள் வாயை மூடிக்கொள்ள வேண்டுமா? இல்லை. எது மாறும், எது மாறாது என்று பிரித்துப் பார்க்க வேண்டும். நம் மலையின் காபித் தோட்டம் இதை நமக்கு நன்றாகவே சொல்லித் தருகிறது.

1820-களில் சேலம் ஆட்சியராக இருந்த காக்பர்ன் இந்த மலைக்குக் காபியைக் கொண்டுவந்தார் என்பது நாம் அறிந்த வரலாறு. 1940-களிலிருந்து 1990-கள் வரை, விளைந்த காபியைக் காபி வாரியத்தின் பொதுத் தொகுப்பில் கொடுத்துவிட வேண்டும். வாரியம் விற்றுப் பணத்தைத் தவணை தவணையாகக் கொடுக்கும். அந்தக் காலத்துத் தோட்டக்காரர் மகனுக்கு என்ன சொல்லியிருப்பார்? "நீ செடியைப் பார், விலையை வாரியம் பார்த்துக்கொள்ளும்." அன்று அது சரியான அறிவுரை. 1996-க்குள் அந்த ஏற்பாடு முழுவதும் முடிந்து, காபி திறந்த சந்தைக்கு வந்தது. 2001, 2002-ஆம் ஆண்டுகளில் உலகச் சந்தையில் விலை பாதாளத்துக்குப் போனது. விலையைப் பற்றி ஒன்றும் கற்றுக்கொள்ளாத மகன் அன்று தவித்துப் போயிருப்பான். அந்த வேதனையில் "காபியே வேண்டாம், பிடுங்கிப் போடு" என்பது அடுத்த தலைமுறைக்கான அறிவுரை ஆயிற்று. 2025-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அதே அராபிகா காபி உலகச் சந்தையில் அதுவரை இல்லாத விலையைத் தொட்டது. பிடுங்கியவர் என்ன செய்வார்? புதிதாக நட்டால் பலன் தர மூன்று நான்கு ஆண்டுகள் ஆகும்.

ஆக, விலையைப் பற்றிச் சொன்னது இரண்டு முறையும் பழையதாகிப் போனது. ஆனால் அந்தத் தோட்டக்காரர் வேறு சிலவும் சொல்லியிருப்பார். நிழல் மரத்தை வெட்டிவிடாதே. கவாத்து செய்யாமல் விடாதே. பழுத்த பழத்தை மட்டும் பறி. தண்டு துளைப்பான் புழு விழுந்த செடியை இரக்கப்பட்டு விட்டு வைக்காதே, தோட்டம் முழுவதும் போய்விடும். பறிக்க வந்தவர்களின் கூலியைப் பாக்கி வைக்காதே. இவற்றில் எது பழையதாகிப் போனது? ஒன்றும் இல்லை. மண்ணைப் பற்றியும் மனிதரைப் பற்றியும் சொன்னது நின்றது. சந்தையைப் பற்றிச் சொன்னது மட்டும் மாறியது.

இதே பாகுபாட்டைத் தோபித்து நூலில் பார்க்கிறோம். நம் விவிலியத்தில் உள்ள இந்தச் சிறிய நூலைப் பலர் திருமணத் திருப்பலியில் மட்டுமே கேட்டிருப்பீர்கள். பெற்றோரும் பிள்ளைகளும் சேர்ந்து உட்கார்ந்து ஒருமுறை முழுவதும் வாசிக்க வேண்டிய நூல் அது.

தோபித்து வயதானவர். நினிவே நகரில் அகதியாக வாழ்பவர். கண்பார்வை போய்விட்டது. வீட்டில் வறுமை. முன்பு ஒரு காலத்தில் அரசனுக்காகப் பொருள் வாங்க மேதியா நாட்டுக்குப் போய் வந்தவர். அங்கே கபேல் என்பவரிடம் பத்துத் தாலந்து வெள்ளியைக் கொடுத்து வைத்திருந்தார். பிறகு அரசன் மாறினான். மேதியாவுக்குப் போகும் சாலைகள் பாதுகாப்பு இல்லாமல் போயின. அவர் போவது நின்றுவிட்டது. இருபது ஆண்டுகள் கழித்து அந்தப் பணத்தை வாங்கி வர மகன் தோபியாவை அனுப்புகிறார்.

அனுப்புவதற்கு முன் மகனுக்கு நீண்ட அறிவுரை சொல்கிறார். தாயை மதித்து நட. உன்னைச் சுமந்தபோது அவள் பட்ட துன்பத்தை மறவாதே. ஏழையிடமிருந்து முகத்தைத் திருப்பிக்கொள்ளாதே. வேலை செய்தவனுக்கு அன்றன்றே கூலி கொடு. உனக்குப் பிடிக்காததைப் பிறருக்குச் செய்யாதே. மிதமிஞ்சிக் குடிக்காதே. அறிவுள்ளவரிடம் ஆலோசனை கேள். இப்படி ஒரு தந்தை சொல்ல வேண்டியதை எல்லாம் சொல்கிறார்.

மகன் கேட்டுவிட்டு, "அங்கே போகும் வழி எனக்குத் தெரியாதே அப்பா" என்கிறான். இந்த இடத்தைக் கவனியுங்கள். தோபித்து அந்த வழியில் பலமுறை நடந்தவர். "நான் போகாத சாலையா? நான் சொல்கிறபடி போ" என்று அவர் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. வழி தெரிந்த, நம்பிக்கையான ஓர் ஆளைத் தேடிப் பார், அவருக்குக் கூலி கொடுப்போம் என்கிறார். எப்படி வாழ வேண்டும் என்பதை அவரே சொல்லிக் கொடுத்தார். எந்தச் சாலையில் போக வேண்டும் என்பதை, இப்போது அந்தச் சாலையில் நடக்கிறவரிடம் ஒப்படைத்தார். வானதூதர் இரபேல், அசரியா என்ற பெயரில் அந்த வீட்டுக்குள் வந்தது தந்தை அப்படி இடம் கொடுத்ததால்தான்.

நமக்கும் இது புதிதல்ல. மழைக்காலத்தில் மலைப்பாதையில் மண் சரிந்தால் என்ன செய்கிறோம்? இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் கண்ணை மூடிக்கொண்டு கடக்கக்கூடியவர்கூட, காலையில் சேலத்திலிருந்து ஏறி வந்த ஓட்டுநரிடம், "பாதை எப்படி இருக்கு? குப்பனூர் வழியாப் போகணுமா?" என்று கேட்டுவிட்டுத்தான் இறங்குகிறார். அதில் அவருக்கு ஒரு குறைவும் இல்லை. சாலைக்குச் செய்வதைப் பிள்ளையின் படிப்புக்கும் வேலைக்கும் செய்தால் போதும். நர்ஸிங் படிக்க வைக்கலாமா? கடந்த ஐந்து ஆண்டுகளில் படித்து வெளியே வந்த இரண்டு பேரைக் கேளுங்கள். ஒரு பொறியியல் கல்லூரியில் சேர்க்கலாமா? பெயரைப் பார்த்துக் கடன் வாங்காதீர்கள். நம் மாநிலத்தில் ஒரு காலத்தில் 500-க்கும் மேற்பட்ட பொறியியல் கல்லூரிகள் இருந்தன. மாணவர் சேராமல் பல மூடப்பட்டன. சென்ற ஆண்டு அங்கே முடித்த பிள்ளைகள் இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று விசாரியுங்கள். தோட்டத்தை அடகு வைப்பதற்கு முன் இந்த ஒரு கேள்வியைக் கேட்பது பாவம் அல்ல.

தோபித்து இன்னொன்றும் செய்தார். வந்த ஆளை அப்படியே நம்பி மகனை அனுப்பிவிடவில்லை. நீ யார், எந்தக் குடும்பம் என்று விசாரித்தார். ஒரு நாளைக்கு ஒரு திராக்மா, அதோடு வழிச்செலவு என்று கூலியையும் பேசி முடித்தார். வழி தெரியாவிட்டாலும் ஆளை எடைபோடும் அனுபவம் முதியவர்களுக்கு உண்டு. இன்றைக்கு அது மிகவும் தேவை. வெளிநாட்டில் கம்ப்யூட்டர் வேலை என்று நம்பிப் போன தமிழ் இளைஞர்கள் மியான்மரிலும் கம்போடியாவிலும் இணைய மோசடிக் கும்பல்களிடம் சிக்கித் தவித்ததை 2022 முதல் செய்திகளில் கேட்டுவருகிறோம். வேலைக்கு முன்பணம் கேட்பவரை, சுற்றுலா விசாவில் போகச் சொல்பவரை, அரசின் பதிவு பெறாத முகவரைத் தாத்தா சந்தேகப்படட்டும். அந்தச் சந்தேகம் பிள்ளையைக் காப்பாற்றும்.

ஆனால் எல்லாவற்றையும் சந்தேகப்பட்டால்? அதற்கும் இதே நூலில் ஒரு பாடம் இருக்கிறது. தோபித்துவுக்குப் பார்வை போனபின் அவர் மனைவி அன்னா நெசவு வேலை செய்து குடும்பத்தைக் காப்பாற்றினார். ஒருநாள் வேலை கொடுத்தவர்கள் கூலியோடு ஓர் ஆட்டுக்குட்டியையும் அன்பளிப்பாகக் கொடுத்தார்கள். ஆடு கத்துவதைக் கேட்ட தோபித்து, "இது திருட்டு ஆடு, திருப்பிக் கொடு" என்றார். மனைவி எவ்வளவு சொல்லியும் நம்பவில்லை. நேர்மையாளரான அவரால், தன் வீட்டுக்குள் தனக்குப் பழக்கம் இல்லாத வகையில் வந்த நேர்மையான வருமானத்தை ஏற்க முடியவில்லை. அந்தப் பெண்ணுக்கு அது எவ்வளவு பெரிய காயம்!

இன்று நம் வீடுகளிலும் அந்த ஆட்டுக்குட்டி கத்துகிறது. மகள் வீட்டில் உட்கார்ந்து லேப்டாப்பில் வேலை செய்கிறாள். மாதம் பிறந்தால் கணக்கில் பணம் வருகிறது. "இதெல்லாம் ஒரு வேலையா? நாளைக்கு நிக்குமா?" என்கிறோம். பெங்களூருவில் விடுதியில் தங்கி வேலை பார்க்கும் மகளைப் பற்றி உறவினர் ஒரு மாதிரியாகப் பேசும்போது மௌனமாக இருக்கிறோம். மகன் மேல்படிப்பை விட்டுவிட்டு மிளகும் காபியும் பார்க்கிறேன் என்றால், "இதுக்கா உன்னைப் படிக்க வெச்சோம்?" என்கிறோம். வேலை உண்மையானதா, யாரையும் ஏமாற்றாததா, சம்பளம் ஒழுங்காக வருகிறதா, உடலும் மனமும் தாங்குகிறதா என்று கேட்போம். பதில் நன்றாக இருந்தால், அந்த உழைப்புக்காகக் கடவுளுக்கு நன்றி சொல்வோம்.

இளையோரே, உங்களுக்கும் ஒரு சொல். வழி தெரியாது என்று தோபியா தந்தையிடம் வெளிப்படையாகச் சொன்னான். தெரிந்த மாதிரி தலையாட்டிவிட்டுப் போய்விடவில்லை. நீங்களும் வீட்டில் உண்மையைச் சொல்லுங்கள். தேர்வில் தேறவில்லை என்றால் சொல்லுங்கள். படிப்பு பிடிக்கவில்லை என்றால் மூன்றாம் ஆண்டு வரை காத்திருக்காமல் இப்போதே சொல்லுங்கள். பெரியவர்கள் சொல்வதில் பழையதாகிப்போனது இருக்கிறது என்பதற்காக முழுவதையும் தள்ளிவிடாதீர்கள். சாதிச் சான்றிதழை நேரத்தில் வாங்கி வை என்று தாத்தா சொன்னால், அது இன்றும் சரி. டைப்ரைட்டிங் படி என்ற பாட்டியைப் பார்த்துச் சிரிக்கிறீர்கள். குரூப் 4-இல் தட்டச்சர் பணிக்கு இன்றும் அந்தச் சான்றிதழைத்தான் கேட்கிறார்கள். வருமானத்துக்கு மேல் கடன் வாங்காதே, குடிக்கிற கூட்டத்தோடு சேராதே, கூட வேலை செய்கிறவனைக் காட்டிக் கொடுக்காதே என்பவை எந்தச் செயலியிலும் கிடைக்காத பாடங்கள். அவற்றைச் சொல்பவர்கள் விலை கொடுத்துக் கற்றவர்கள்.

இந்த வாரம் நாம் செய்யக்கூடிய மூன்று காரியங்கள். ஒன்று, தேர்வுக்குப் படிக்கும் பிள்ளை இருக்கும் வீட்டில், எத்தனை முறை எழுதுவது, எந்தத் தேதி வரை, அதற்குப் பின் என்ன வழி என்று பிள்ளையோடு சேர்ந்து உட்கார்ந்து பேசி முடிவு செய்யுங்கள். முடிவு தேதி தெரிந்தால் பிள்ளைக்கும் மூச்சு விட முடியும். இரண்டு, நம் அன்பியக் கூட்டங்களில், அண்மையில் படித்து வேலைக்குப் போன நம் பிள்ளைகளை, குறிப்பாக மலைக் கிராமத்துப் பிள்ளைகளை, விடுமுறையில் வரும்போது அழைத்துப் பேச வையுங்கள். எவ்வளவு செலவானது, எவ்வளவு சம்பளம், என்ன கஷ்டம் என்று அவர்கள் சொல்லட்டும்; பெரியவர்கள் கேட்கட்டும். மூன்று, ஆலய வாசலில் ஓர் இளைஞனைப் பார்த்தால், "என்ன பண்றே?" என்று கேட்பதற்குப் பதிலாக, "நல்லா இருக்கியா தம்பி? சாப்பிட்டியா?" என்று கேளுங்கள். மற்றதை அவனாகச் சொல்வான்.

தோபித்து நூலின் முடிவு உங்களுக்குத் தெரிந்திருக்கும். மகன் போன வழியில் ஆற்றில் ஒரு பெரிய மீனைப் பிடிக்கிறான். அதன் பித்தப்பையை எடுத்து வைக்கும்படி உடன் வந்த இரபேல் சொல்லிக் கொடுக்கிறார். வீடு திரும்பியதும் தோபியா அதைத் தந்தையின் கண்களில் தடவுகிறான். முதலில் எரிகிறது. பிறகு கண்ணை மூடியிருந்த வெண்படலம் உரிந்து விழுகிறது. தோபித்து முதலில் பார்த்தது தன் மகனின் முகத்தை. அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுகிறார், கடவுளைப் போற்றுகிறார். தந்தை காட்டிய நெறியில் நடந்த மகன், தந்தை அறியாத வழியில் கற்றதைக் கொண்டுவந்து தந்தைக்குப் பார்வை தந்தான். பிள்ளைகள் கொண்டுவரும் புதிய செய்தி நம் கண்ணிலும் கொஞ்சம் எரியத்தான் செய்யும். துடைத்துவிடாமல் சற்றுப் பொறுப்போம்.

செபிப்போமாக. அன்புத் தந்தையே இறைவா, எங்கள் குடும்பங்களில் உள்ள முதியோரை ஆசீர்வதியும். அவர்கள் பட்ட பாடு வீண்போகாதிருக்கச் செய்யும். வேலைக்காகக் காத்திருக்கும் எங்கள் பிள்ளைகளைத் தாங்கியருளும். வழி தெரியாத இடத்தில் நம்பிக்கையான துணையை அவர்களுக்கு அனுப்பியருளும். சொல்ல வேண்டிய நேரத்தில் சொல்லவும், கேட்க வேண்டிய நேரத்தில் கேட்கவும் எங்களுக்கு மனம் தாரும். எங்கள் ஆண்டவராகிய கிறிஸ்து வழியாக உம்மை மன்றாடுகிறோம். ஆமென்.